பேணுகைப் பணியும் ஏவற்பொறியும்

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இரும்பு துருவேறும், மரம் செல்லரிக்கும், சுவர் காரை பெயரும். கணிப்பொறிக்கென எழுதப்பெறும் நிரலுக்கு இவற்றுள் ஒன்றும் நேர்வதில்லை. இருபது ஆண்டுகட்கு முன் எழுதிய நிரல் இன்றும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கும். ஆயினும் அது மூப்படைகின்றது. இப் புதிரை விடுவித்தாலன்றி இன்று பேசப்புகும் பொருள் விளங்காது.

நிரல் மாறாது நிற்க, அதனைச் சூழ்ந்த உலகம் மாறிவிடுவதே அம் மூப்பு. வரிச்சட்டம் மாறுகின்றது, வங்கியின் வட்டி மாறுகின்றது, நிரலை ஓட்டும் பொறி மாறுகின்றது, அந் நிரல் சார்ந்து நிற்கும் பிறருடைய நிரல்கள் மாறுகின்றன. நேற்றுப் பூட்டாக இருந்தது இன்று கள்வர்க்குத் திறந்த கதவாகிவிடுகின்றது. மேயர் லேமன் என்னும் அறிஞர், ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரும் இயக்க நிரலை ஆய்ந்து, 1974இல் இதனை ஒரு நெறியாகவே வகுத்துரைத்தார். பயன்பாட்டில் உள்ள நிரல் இடையறாது மாற்றப்பெறல் வேண்டும். மாற்றாவிடின் நாளுக்குநாள் பயன் குன்றும். மாற்றமாற்ற உட்சிக்கல் பெருகும். மாற்றாவிட்டாலும் கேடு, மாற்றினாலும் சிக்கல் என்னும் இவ் இருதலைக்கொள்ளி நிலையே நிரலர் வாழ்க்கையின் பெரும்பகுதி. 1980இல் இலியன்சு, சுவான்சன் என்னும் இருவர் 487 அமைப்புகளை வினவி எழுதிய நூலில், நிரலர் உழைப்பில் ஏறத்தாழச் செம்பாதி புதிது படைப்பதில் செல்லாமல் இருப்பதைக் காப்பதிலேயே செல்வது தெரியவந்தது. அவ் உழைப்பிலும் மிகுபகுதி, பிழை களைவதற்கன்றிப் பயன்கொள்வார் கேட்ட புதுத் தேவைகளை நிறைவேற்றுதற்கே சென்றது.

இப் பணியைப் 'பராமரிப்பு' எனப் பலரும் எழுதுகின்றனர். வடசொல்லைத் தேடிச் செல்லத் தேவையில்லை. பேண் என்னும் வேரினின்று பிறந்த பேணுகை என்னும் சொல் கையிலேயே உள்ளது. குழந்தையைப் பேணுகின்றோம், விருந்தைப் பேணுகின்றோம், உடலைப் பேணுகின்றோம். ஒருமுறை செய்து முடித்துவிடும் வினையைப் பேணல் என்று எவரும் சொல்லார். நாள்தோறும் செய்ய வேண்டுவதும், செய்தால் எவர் கண்ணுக்கும் படாததும், செய்யாவிடில் உடனே தெரிவதுமாகிய வினையே பேணல். நிரற்பணிக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் வேறில்லை.

இனி, இக் கூட்டத்திற்கு அழைப்பு விடுத்தோர் 'தன்னியக்க நிரல் முகவர்' என அச்சிட்டிருந்தனர். முகவர் என்பார் ஒருவர்க்காகப் பிறர்முன் நிற்பவர். இங்குப் பேசப்படுவதோ, ஏவிய பணியைத் தானே படிப்படியாகச் செய்து முடித்து, செய்ததைக் கொண்டுவந்து காட்டும் ஒரு கருவி. ஆதலின் ஏவற்பொறி என்பது பொருந்தும். பெயர் பொருந்தினால், அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்த்தல் ஆகாது என்பதும் பாதி விளங்கிவிடும்.

பேணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்றுண்டு. 2020 ஏப்பிரலில், கொரோனாத் தொற்றால் வேலையிழந்தோர் உதவித்தொகை கேட்டு அமெரிக்காவின் நியூ செர்சி மாநில அரசை மொய்த்தனர். அவ் வேண்டுகையை ஏற்கும் நிரல்கள் கோபால் என்னும் நிரல்மொழியில் பல பத்தாண்டுகட்கு முன் எழுதப்பெற்றவை. அம் மொழி 1959இல் தோன்றியது. அதை அறிந்தோர் பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிட்டனர். ஆளுநர் பில் மர்பி, செய்தியாளர்முன் நின்று, கோபால் அறிந்த தொண்டர் எவரேனும் முன்வருக என்று வெளிப்படையாகக் கேட்க நேர்ந்தது. செல்வம் கொழிக்கும் நாட்டின் ஒரு மாநில அரசு, தான் நாள்தோறும் பயன்படுத்தும் எழுத்தைத் தானே படிக்க ஆளின்றி நின்ற காட்சி அது. மொழி அழிவைப் பற்றி அறிந்த தமிழர்க்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

பேணுகைப் பணி கடினம் என்பதைவிடச் சலிப்பூட்டுவது என்பதே சரி. ஓர் எடுத்துக்காட்டு. கூகுள் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு நிரல்களின் அளவு 50 கோடி வரிக்கு மேல். அங்கு ஒவ்வொரு வாடிக்கையாளர்க்கும், ஒவ்வொரு விளம்பரத்திற்கும் அடையாள எண் உண்டு. தொடக்கத்தில் அவ் எண்களை 32 இருமக் கூறுகள் கொண்ட சிறு பெட்டியில் இட்டனர். அப் பெட்டியில் அடங்கும் மிகப்பெரிய எண் 2,147,483,647. அதற்குமேல் ஒன்று கூடினாலும் இடமில்லை. கட்டங்கள் தீர்ந்துபோன பேரேட்டில் புதுக் கணக்கெழுத முடியாததுபோல. ஆகவே அவற்றையெல்லாம் 64 இருமக் கூறுகள் கொண்ட பெரும் பெட்டிக்கு மாற்றல் வேண்டும்.

செய்ய வேண்டுவது இவ்வளவே. 32 என்பதை 64 ஆக்குதல். ஆனால் மாற்ற வேண்டிய இடங்கள் பல்லாயிரம் கோப்புகளில் பற்பல்லாயிரமாகச் சிதறிக் கிடந்தன. நிரலில் ஓர் எண் எழுதியிருந்தால் அது அடையாள எண்ணா, விலையா, வெறும் எண்ணிக்கையா என்பது அதன் முகத்தில் எழுதியிருப்பதில்லை. ஒரு சொல்லைத் தேடி மற்றொரு சொல்லை இடும் பழங்கருவி இங்குத் தோற்றுவிடும். சூழலைப் படித்தே பொருள் துணியவேண்டும். 'கால்' என்னும் சொல் உறுப்பைக் குறிக்கின்றதா, காற்றைக் குறிக்கின்றதா, நாலில் ஒன்றைக் குறிக்கின்றதா என்று இடம் நோக்கித் துணிவதுபோல என்க. அதைச் செய்ய ஆள் வேண்டும்; அந்த ஆளுக்கோ இரண்டாம் நாளே கொட்டாவி வரும்; கொட்டாவி வந்த இடத்தில் பிழை நுழையும்.

இவ் விடத்தில்தான் மொழிப்படிமங்கள் கைகொடுத்தன. கூகுள் ஆய்வர் 2025 தொடக்கத்தில் வெளியிட்ட கட்டுரையின்படி, இப் பணியில் ஏற்கப்பெற்ற மாற்றங்களுள் 80 விழுக்காடு செயற்கை நுண்ணறிவு எழுதியவை. எஞ்சியவை மாந்தர் எழுதியவை. பணிக்குச் சென்ற மொத்தக் காலம் பாதியாகக் குறைந்தது என்பது அவர்தம் மதிப்பீடு. எண்பது விழுக்காட்டைப் பொறி எழுதியும் காலம் பாதிதான் குறைந்தது என்பதை ஊன்றி நோக்குக. எழுதுவது ஒரு பங்கு. எழுதியதைப் படித்து ஒப்புதல் தருவது மற்றொரு பங்கு. பின்னது இன்னும் மாந்தர் கையிலேயே உள்ளது.

ஏவற்பொறி எங்ஙனம் இயங்குகின்றது என்பதையும் சுருங்கச் சொல்லல் தகும். மொழிப்படிமம் என்பது அளப்பரும் எழுத்துத் தொகையைக் கற்று, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கூறும் அமைப்பு. அதனிடம் வினா விடுத்தால் விடை தரும், அவ்வளவே. அதற்குக் கோப்புகளைத் திறக்கவும், திருத்தவும், நிரலை ஓட்டிப் பார்க்கவும் கைகள் கொடுத்தால் ஏவற்பொறியாகின்றது. திருத்தும், ஓட்டும், பிழைச்செய்தி வந்தால் படிக்கும், மீண்டும் திருத்தும், பிழை தீரும்வரை சுழலும். சலிப்பு என்பது அதற்கில்லை.

இவ் ஆற்றல் வளர்ந்த விரைவு வியப்பிற்குரியது. 2023 அக்தோபரில் பிரின்சுட்டன் பல்கலைக்கழகத்தார் ஒரு தேர்வு வகுத்தனர். உண்மையான 12 நிரற்றொகுதிகளில் மாந்தர் தீர்த்து வைத்த 2,294 சிக்கல்களை எடுத்துப் படிமங்களுக்கு வினாவாக வைத்தனர். அன்று முதலிடம் பெற்ற படிமம் தீர்த்தது 2 விழுக்காட்டிற்கும் குறைவு. துல்லியமாகச் சொன்னால் 1.96. அத் தேர்வினின்று நன்கு சரிபார்த்தெடுத்த 500 வினாக்களில் 2025க்குள் 70 விழுக்காட்டையும் கடந்தன சில. தேர்வில் எடுக்கும் மதிப்பெண்ணுக்கும் வாழ்க்கையில் காட்டும் திறத்துக்கும் உள்ள தொலைவை ஆசிரியப் பணி புரிவோர் எவரும் அறிவர். ஆயினும் இரண்டாண்டில் இத்துணை ஏற்றம் புறந்தள்ளத் தக்கதன்று.

ஏர்பிஎன்பி என்னும் தங்குமனை நிறுவனம் செய்த பணி இன்னும் தெளிவான பாடம். அவர்களிடம் 3,500 அளவில் சரிபார்ப்பு நிரற்கோப்புகள் இருந்தன. சரிபார்ப்பு நிரல் என்பது மற்றொரு நிரல் ஒழுங்காக வேலை செய்கின்றதா என உரைத்துப் பார்க்கும் உரைகல். அவையெல்லாம் வழக்கொழிந்த ஒரு பழங்கருவியில் எழுதப்பெற்றிருந்தன. புதுக் கருவிக்குப் பெயர்த்தெழுத வேண்டியிருந்தது. கையால் எழுதினால் ஒன்றரை ஆண்டாகும் எனக் கணித்தனர். மொழிப்படிமத்தைக் கொண்டு 6 கிழமையில் முடித்ததாக 2025 மார்ச்சில் வெளியிட்டனர்.

எவ்வாறு முடித்தனர் என்பதே கருதத்தக்கது. பணியைப் படிகளாகப் பகுத்தனர். ஒவ்வொரு கோப்பும் ஒரு படியில் தேறினால்தான் அடுத்த படிக்குச் செல்லும். தேறாவிடில் பிழைச்செய்தியோடு மீண்டும் படிமத்திடமே அனுப்பப்பெறும். முதல் 4 மணி நேரத்திலேயே 75 விழுக்காட்டுக் கோப்புகள் முடிந்தன. அடுத்த 4 நாளில், தோற்றவற்றைச் சிறிது சிறிதாக ஆய்ந்து, ஏவுரையைத் திருத்தித் திருத்தி ஓட்டி, 97 விழுக்காட்டை எட்டினர். அக் கடினக் கோப்புகளுள் பலவற்றை 50 முதல் 100 முறைவரை முயன்றிருந்தது பொறி. எஞ்சிய 3 விழுக்காட்டை மாந்தரே எடுத்து முடித்தனர். நூறுமுறை தோற்றும் முகஞ்சுளியாமல் நூற்றொன்றாம் முறை தொடங்கும் ஊழியர் எந்த அலுவலகத்திலும் கிடையார். அந்த 3 விழுக்காட்டை நிறைவுசெய்யும் அறிவுடையார் இல்லையெனில் அவ் 97 விழுக்காட்டாலும் பயனில்லை என்பதும் உண்மை. முக்கால் தைத்த ஆடையை உடுத்திக்கொள்ள முடியாதன்றோ?

அமேசான் நிறுவனத் தலைவர் ஆண்டி சாசி 2024 ஆகசுட்டில் கூறியது இவற்றினும் பெரிது. தம் நிறுவனத்தின் சாவா நிரல்களைப் புதுப் பதிப்புக்கு உயர்த்த ஒரு நிரலுக்குச் சராசரி 50 ஆள்நாள் ஆனது, சில மணி நேரமாகச் சுருங்கியது என்றார். 4,500 ஆள் ஆண்டு உழைப்பு மிச்சம் என்றார். பொறி எழுதிக் காட்டியவற்றுள் 79 விழுக்காட்டை நிரலர் மாற்றமின்றி ஏற்றனர் என்றும் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந் நிறுவனம் அக் கருவியைப் பிறர்க்கு விற்கும் நிறுவனமும் ஆகும். தன் தயிர் புளிக்கும் என்று எந்த ஆய்ச்சியும் கூறாள் ஆதலின், இவ் எண்களை அதற்கேற்ற அளவில் கொள்ளல் நன்று. மாற்றமின்றி ஏற்றனர் என்பதற்கு, நன்றாக இருந்ததால் ஏற்றனர் என்றும் பொருளுண்டு. படிக்கச் சலித்து ஏற்றனர் என்றும் பொருளுண்டு.

மறுதட்டிலும் எடைக்கற்கள் உள. மெட்டர் என்னும் ஆய்வமைப்பு, 2025 தொடக்கத்தில் கிடைத்த கருவிகளைக் கொண்டு ஒன்றை ஆய்ந்தது. தாம் ஆண்டுக்கணக்கில் பேணிவரும் நிரல்களில் நன்கு பழகிய 16 நிரலர்க்கு 246 பணிகள் தரப்பெற்றன. சிலவற்றில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாம், சிலவற்றில் ஆகாது. கருவியால் தம் வேலை 24 விழுக்காடு விரையும் என அவர்கள் முன்னரே எதிர்பார்த்தனர். முடிந்தபின், 20 விழுக்காடு விரைந்ததாக நம்பினர். உண்மையிலோ 19 விழுக்காடு காலம் மிகுதியாகியிருந்தது. காலம் கூடியதைவிட, கூடியதை அவர்களே உணராமல் இருந்தது பெருவியப்பு. நன்கறிந்த நிரலில் அறிவுடையார் கைக்குக் கருவி இடையூறாகவும் அமையலாம். அறியாத பழநிரலில் ஆயிரம் இடத்தில் ஒரே மாற்றம் செய்ய அது துணையாகலாம். எல்லாப் பணிக்கும் ஒரே அளவுகோல் கொண்டு பேசுவாரே இருபுறமும் பிழைபடுகின்றனர்.

2025 சூலையில் நடந்தது இன்னும் கடுமையானது. சேசன் லெம்கின் என்னும் தொழில்முனைவர், ரெப்ளிட்டு நிறுவனத்தின் ஏவற்பொறியைக் கொண்டு ஒரு மென்பொருள் உருவாக்கி வந்தார். இனி எதையும் மாற்றலாகாது எனத் தெளிவாகக் கட்டளையிட்டிருந்தார். அப் பொறியோ இசைவின்றி ஓர் ஆணையை ஓட்டி, 1,200க்கு மேற்பட்ட தொழில்தலைவர்தம் குறிப்புகள் இருந்த தரவுக் களஞ்சியத்தையே துடைத்துவிட்டது. அழிந்ததை மீட்க முடியுமா என வினவியபோது முடியாது என்றது. மீட்க முடிந்தது என்பது பின்னர் அவர் தாமே முயன்றபோது தெரிந்தது. அந் நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டு, செய்துபார்க்கும் களஞ்சியத்தையும் உண்மைக் களஞ்சியத்தையும் வேறு பிரிக்க ஏற்பாடு செய்தார்.

இதில் பொறியைப் பழிப்பது எளிது. புதிதாக வந்த ஏவலாளிடம் வந்த அன்றே நெற்களஞ்சியத்தின் திறவுகோலைக் கொடுத்துவிட்டு, 'உள்ளே போகாதே' என்று வாயால் மட்டும் சொல்லிவைப்பது எந்த வீட்டு வழக்கம்? திறவுகோல் கையில் இல்லையென்றால் சொல்லவே தேவையில்லை. ஏவற்பொறிக்குத் தரும் ஏவுரை வேறு, தரும் உரிமை வேறு. ஏவுரையை அது மறக்கலாம், திரித்துக் கொள்ளலாம். இல்லாத உரிமையை அதனால் பயன்படுத்த முடியாது.

மற்றொரு கேடும் உண்டு, இது நுண்ணியது. உரைகல்லில் உரைத்துத் தேற வேண்டும் என்று ஏவினால், பொன்னை மாற்றுவதற்கு மாறாக உரைகல்லையே மாற்றிவிடுவது. சரிபார்ப்பு நிரல் தேறவில்லையெனில், பிழையைக் களையாமல் சரிபார்ப்பையே தளர்த்துவதும், அந்த ஒரு வினாவுக்கு மட்டும் விடை வருமாறு எழுதிவைப்பதும் இப் படிமங்களிடம் பலமுறை காணப்பெற்ற பழக்கம். படிமங்களை உருவாக்குவோரே தம் அறிக்கைகளில் ஒப்புக்கொண்டது. மதிப்பெண்ணுக்கே படிக்கும் மாணவன் செய்வதும் இதுவே அன்றோ? ஆதலின் உரைகல்லைப் பொறியின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

தமிழர்க்கு இச் சிக்கல் முற்றும் புதிதன்று. பனையோலை சில நூற்றாண்டுகட்குமேல் நில்லாது. ஆதலின் நூல்கள் அழியாமல் இருக்க ஏடு பெயர்த்தெழுதுதல் இடையறாது நடந்தது. அதுவும் பேணுகையே, அதுவும் சலிப்பூட்டும் பணியே. சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதரும் ஊரூராய்ச் சென்று ஒரு நூலுக்குப் பல படிகளைத் தேடியதன் கரணியம், எந்த ஒரு படியையும் தனித்து நம்ப முடியாமையே. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடில்லை. ரகரமும் காலும் ஒன்றேபோல் இருக்கும். பொருள் தெரியாமல் கண்டதைக் கண்டவாறே வரைந்தவன் செய்த பிழையை அறிஞர் எளிதில் கண்டுகொள்வர். சொல் சிதைந்திருக்கும், கண்ணில் உறுத்தும். அரைகுறையாய் அறிந்து, இடர்ப்பட்ட இடத்தில் தன் மதிக்குப் பட்ட சொல்லைப் பொருத்திவிட்டவன் செய்த பிழையே கொடிது. ஓசையும் சரியாயிருக்கும், பொருளும் ஒருவாறு வரும், மூலம் மட்டும் மறைந்துபோம். பழங்கருவிகள் முதல் வகை எழுத்தர். மொழிப்படிமங்கள் இரண்டாம் வகை எழுத்தர். அவற்றின் பிழை அழகாக இருக்கும். பல படி ஒப்புநோக்கிய அம் முன்னோர் முறையே இதற்கு மருந்து: பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒரே உள்ளீட்டின்மேல் ஓட்டி, இரண்டும் ஒரே விடை தருகின்றனவா எனப் பல்லாயிரமுறை நோக்குதல்.

இனி, வயிற்றைத் தொடும் செய்தி. 1990களின் இறுதியில், ஆண்டை ஈரிலக்கத்தில் எழுதிய பழநிரல்கள் 2000 பிறந்தால் தடுமாறும் என்ற அச்சம் உலகெங்கும் எழுந்தது. அவ் வரிகளைத் தேடித் திருத்தும் பணி இந்திய நிறுவனங்களுக்குப் பெருந்தொழிலாயிற்று. சென்னையில் இன்று ஓங்கி நிற்கும் கணிப்பொறித் தொழிலுக்கு அப் பேணுகைப் பணி ஓர் அடித்தளம். 2000இல் தரமணியில் தைடல் பூங்கா திறக்கப்பெற்றதும் அக் காலத்தேதான். அதன்பின் எத்தனை உழவர் வீட்டுப் பிள்ளைகள், எத்தனை நெசவாளர் வீட்டுப் பெண்கள், முதல் தலைமுறைப் பட்டம் பெற்று வந்து, அயல்நாட்டு வங்கியொன்றின் பழநிரலைக் காக்கும் பணியில் முதற்சம்பளம் வாங்கினர்! குடும்பக் கடன் தீர்ந்ததும், தங்கை படித்ததும் அச் சலிப்பூட்டும் வேலையால்தான். பொறி முதலில் எடுத்துக்கொள்வதும் அவ் வேலையையே.

அமெரிக்க நாட்டுச் சம்பளக் கணக்குகளைக் கொண்டு சுடான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2025 ஆகசுட்டில் வெளியிட்ட ஆய்வில், 22 முதல் 25 அகவையுள்ள நிரலர் எண்ணிக்கை 2022 இறுதியில் இருந்த உச்சத்தினின்று 2025 சூலைக்குள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது தெரிகின்றது. அகவையில் மூத்த நிரலர்க்கு அத்தகைய வீழ்ச்சியில்லை. எல்லாம் ஏவற்பொறியால் என்று சொல்ல முடியாது. வட்டி ஏற்றமும் பிறவும் உள. ஆயினும் வாயிற்படியில் நிற்போர்க்கே இடிவிழுகின்றது என்பது வெளிப்படை.

சம்பளம் ஒருபுறம் இருக்க, கல்வியும் இதில் அடங்கியுள்ளது. புதிதாகச் சேரும் நிரலரைப் பேணுகைப் பணியில் இடுவது, கருமான் பட்டறையில் சேர்ந்த பையனைத் துருத்தி ஊதவிடுவது போன்றது. துருத்தி ஊதுவது கலையன்று. ஆனால் ஊதிக்கொண்டே நெருப்பின் நிறத்தைக் கண் கற்றுக்கொள்ளும். பிறர் எழுதிய பழநிரலைப் படித்துப் படித்து, இவ் வரியை ஏன் இங்கு வைத்தார் என்று மண்டையை உடைத்துக்கொண்டவரே பிற்காலத்தில் நல்ல நிரலர் ஆகின்றனர். பொறி எழுதியதைப் படித்துப் பிழைகாணும் மூத்தவர் இன்றுளர். துருத்தி ஊதாத தலைமுறையினின்று அம் மூத்தவர் எங்ஙனம் வருவர் என்பதற்கு எந்த நிறுவனத் தலைவரும் இன்னும் மறுமொழி கூறவில்லை. நம் பொறியியற் கல்லூரிகளேனும் இதை எண்ணல் வேண்டும். புதுநிரல் எழுதப் பயிற்றுவதோடு நில்லாமல், பழநிரல் படிக்கவும், பிறர் திருத்தத்தை ஆய்ந்து ஏற்கவோ தள்ளவோ கரணியம் காட்டி எழுதவும் பாடம் வைத்தல் வேண்டும். உரையாசிரியர் மரபுடைய ஒரு மொழியினர்க்கு இப் பயிற்சி அயலானதன்று.

ஊதியம் கருதாது உலகிற்கு நிரல் பேணுவாரும் உளர். கர்ல் என்னும் நிரலைப் பேணிவரும் சுவீடன் நாட்டுத் தானியல் சுடென்பெர்க்கு அவர்களுள் ஒருவர். இணையத்தில் செய்தி கொண்டு செல்லும் அவரது நிரல் எண்ணற்ற பொறிகளில் உள்ளது. பாதுகாவல் குறை கண்டு சொல்வார்க்குப் பரிசு தரும் திட்டம் அவரிடம் இருந்தது. மொழிப்படிமத்தைக் கேட்டு எழுதிய பொய்க்குறைகள், படித்தால் மெய்போல் தோன்றுபவை, மழைபோல் வந்து குவிந்தன. ஒவ்வொன்றையும் ஆய்ந்து தள்ள ஆகும் காலம் அவருடையது. அனுப்பியவனுக்கோ ஒரு நொடி. 2026 சனவரி இறுதியோடு அப் பரிசுத் திட்டத்தையே அவர் நிறுத்தினார். ஆனால் அதே மனிதர், 2025 இறுதியில், வல்லுநர் ஒருவர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு தேடித் தாமும் ஆய்ந்து அனுப்பிய பட்டியலால் 50 அளவில் திருத்தங்கள் செய்ததையும் மகிழ்ந்து எழுதினார். ஒரே கருவி ஓரிடத்தில் குப்பையும் மற்றோரிடத்தில் மணியும் தந்தது. இடையில் நின்ற மாந்தர்தம் தகுதியே வேறுபாடு.

இறுதியாகத் தமிழுக்கே உரிய ஒரு பேணுகைப் பணி காத்துக் கிடக்கின்றது. ஒருங்குகுறி பரவுவதற்கு முன், 1990களிலும் அதன் பின்னரும், நூல்களும் இதழ்களும் அலுவலகக் கோப்புகளும் பற்பல எழுத்துருக்களில் தட்டெழுதப்பெற்றன. பாமினி ஒன்று, திசுக்கி என்னும் குறியீடு ஒன்று, 1999 சென்னை மாநாட்டை ஒட்டி வந்த தாம், தாப் என்பன வேறு, பதிப்பகத்துக்கு ஒன்றாகத் தனி எழுத்துருக்கள் பல. 2010இல் தமிழக அரசு ஒருங்குகுறியையும் 16 இருமக் கூறு கொண்ட அனைத்தெழுத்துக் குறியீட்டையும் தரமாக அறிவித்தது. பழையனவோ பழைய குறியீட்டிலேயே வட்டுகளில் உறங்குகின்றன. அவ் எழுத்துரு இல்லாத பொறியில் திறந்தால் பொருளற்ற குறிகளாய்த் தோன்றுகின்றன. கறையான் அரித்த ஏட்டுக்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே.

ஏவற்பொறிக்குத் தக்க பணி இது. எண்ணிறந்த கோப்புகள், ஒரே வகை வேலை, சலிப்பு மிகுதி. மாற்றி வடிவங்கள் முன்னரே உள. ஆயினும் எல்லா எழுத்துருவுக்கும் இல்லை, எல்லா இடத்தும் தவறாமல் இயங்குவதும் இல்லை. பழங்குறியீடுகளில் ஒற்றைக்கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மெய்க்கு முன் நிற்கும். ஒருங்குகுறியில் பின் நிற்கும். 'கொடி' என்பதைக் கொம்பு, ககரம், கால், பின் 'டி' என எழுதியிருப்பர். கொம்பையும் காலையும் ஒன்றாக்கி ககரத்தின்பின் வைத்தல் வேண்டும். இதுவரை கணக்கு, பொறி தடுமாறாது. ஆனால் விரைந்து தட்டெழுதியோர் பலர், ரகரம் வரவேண்டிய இடத்தில் காலை இட்டுச் சென்றுள்ளனர். தாளில் அச்சிட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஒளகார நெடிலை ஒகரமும் ளகரமுமாக எழுதியோரும் பலர். பனையோலையில் இருந்த அதே ரகர–கால் மயக்கம் மின்வட்டிலும் வந்து குடியேறிவிட்டது. ஊர்ப்பெயர், ஆட்பெயர் வருமிடத்தில் அகராதி உதவாது. பொறியோ தயங்காது, ஏதேனும் ஒன்றைத் துணிந்து எழுதிவிடும்.

ஆதலின் அப் பணிக்குத் தொண்டர் கேட்கப்படுகின்றனர். பொறி மாற்றித் தரும் ஒவ்வொரு கோப்பின் முதற்படியும் தொடப்படாமல் தனியே வைக்கப்பெறும். மாற்றிய பக்கங்களுள் பத்துக்கு ஒன்றைத் தமிழ் நன்கறிந்த ஒருவர் பழைய அச்சுத்தாளோடு வைத்து எழுத்தெண்ணிப் படிப்பார். ரகரமும் காலும் ஐயுறும் இடங்களைப் பொறி தானே முடிவு செய்யாமல் குறியிட்டு விடுமாறு ஏவப்பெறும். அவ் இடங்கள் எல்லாம் மாந்தர் கண்ணுக்கே வரும். கணிப்பொறி கற்ற இளைஞர் இருவர், புலமை வாய்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நால்வர் இருந்தால் ஒரு சிற்றூர் மன்றத்தின் பழைய இதழ்த் தொகுதியைச் சில திங்களில் முடிக்கலாம். வட்டுகள் வைத்திருப்போர் அவை படிக்க இயலாமற் போகுமுன் படியெடுத்துத் தருக.